நுனி வலப்பக்கம்

படத்தில் ஒரு வாழை இலை இருந்தது. அதில் சந்தேகமில்லை. தலைவாழை இலை, கிழிசல் இல்லாதது, சிவப்புச் சிமெண்டுத் தரையில் விரித்துப் போட்டிருந்தது. அதன் நுனி வலப்பக்கம் இருந்தது. அதிலும் சந்தேகமில்லை, தையல்நாயகி தன் வலது கையைத் தூக்கி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள், சோறு பிசைகிற கை, மோதிரம் இறுகிப்போய்க் கழற்ற முடியாத கை, ஆமாம், அந்தப் பக்கம்தான் நுனி. சந்தேகமெல்லாம் அதற்கு அப்புறம்தான் வந்தது. சாப்பிட உட்காருகிறவருக்கு நுனி இடது கைப் பக்கம் வர வேண்டும் என்பது அந்தத் தெருவில் பால்பல் விழாத பிள்ளைக்கும் தெரிந்த சமாச்சாரம். மாற்றிப் போட்டால் அது உயிரோடு இருக்கிறவர் சாப்பிடுகிற இலை ஆகாது. அவர்கள் வீட்டில் மாமியார் திதிக்குப் படைக்கும்போது மட்டும்தான் இலை அப்படி விழும். அப்படியென்றால் அவள் புருஷன், டிராயிங் மாஸ்டர் கலியபெருமாள், போகிற காலத்தில் வரைந்த இந்தப் படத்தில் செத்தவர்களுக்குப் போடுகிற இலையை வரைந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். யாருக்கு? மாமியாருக்கு என்றால் ஒரு பேச்சும் இல்லை, கும்பிட்டு மாட்டிவிடலாம். பெற்ற மகளுக்கு என்றால்? அந்த மகள்தான் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு இன்றைக்கு இந்த வீட்டுக்குச் சாப்பிட வருகிறாள், திருச்சியில் பஸ் ஏறிவிட்டேன் என்று போனும் செய்துவிட்டாள். இரு, பதறாதே, என்று தையல்நாயகி தனக்கே சொல்லிக்கொண்டாள். இலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் உட்கார்ந்திருந்தால்? அப்போது நுனி அவருக்கு இடப்பக்கம் ஆகிவிடுமே. இவர் பரிமாறுகிற பக்கம் நின்று வரைந்திருந்தால்? அப்படிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது, இலை உயிரோடு இருக்கிறவருக்குப் போட்ட இலைதான், வந்து உட்கார் என்று சொல்கிற இலைதான். ஆனால் அந்தப் பக்கம் யாரும் இல்லை. இந்தப் பக்கமும் யாரும் இல்லை. இலையும் தரையும் ஒரு டம்ளரும் கொஞ்சம் சோறும் கறியும் அப்பளமும்தான். ஆள் இல்லாத படத்தில் எந்தப் பக்கம் ஆள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படம் வந்ததே காலையில்தான். ஃப்ரேம் கடை காதர் பாய் சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துவந்து, நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, தப்புச் செய்தவர் போலக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "மாஸ்டர் குடுத்து வச்சதும்மா. ஃப்ரேம் போட்டு வை பாய், நானே வந்து எடுத்துக்கறேன்னாரு. அப்புறம் ஆஸ்பத்திரின்னாங்க, அப்புறம் எல்லாம் முடிஞ்சிருச்சு. இது சரக்குக்குப் பின்னால போயி மறைஞ்சிருந்துச்சும்மா. நேத்துதான் கண்ணுல பட்டுச்சு." தையல்நாயகி காகிதத்தைப் பிரித்தாள். பிரித்த கை அப்படியே நின்றது. "பாய், இது யாருக்குப் போட்ட இலைன்னு ஏதாவது சொன்னாரா?" காதர் பாய்க்குக் கேள்வியே விளங்கவில்லை. படத்தை ஒரு தடவை, அவளை ஒரு தடவை பார்த்தார். "சாப்பாட்டுப் படம்தானம்மா? பாத்தாப் பசிக்குது. அந்த அப்பளத்தைப் பாருங்க, நொறுங்கற சத்தம் கேக்கும்போல இருக்கு." சிரித்துவிட்டுப் போய்விட்டார். போனவருக்கு என்ன, பசியோடு போய்விட்டார். இவள்தான் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வளர்மதி போன வாரம் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாள். அழவில்லை, கோபப்படவில்லை, பஸ் நேரம் விசாரிப்பவள் மாதிரிக் கேட்டாள். "அப்பா கடைசியா என்னப் பத்தி ஏதாவது சொன்னாங்களாம்மா?" தையல்நாயகி நேர்ல வா, பேசிக்கலாம் என்றாள். சொல்ல ஒன்றும் இல்லை என்பதுதான் உண்மை. அவர் சொல்லவில்லை. மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்த நாட்களில்கூட அந்தப் பேரை அவர் வாய் தொடவில்லை. வந்தவளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு எப்படியாவது பேச்சை மாற்றிவிடலாம் என்று அவள் இருந்தபோது, இந்த மனுஷன் பாயின் கடைச் சரக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்து, சரியாக இன்றைக்கு வந்து பதில் சொல்கிறார். சொல்கிற பதிலாவது புரிகிற மாதிரிச் சொல்லக் கூடாதா?

அவருக்குப் புரிகிற மாதிரிச் சொல்லத் தெரியாது. தெரிந்ததெல்லாம் பொருட்களை அடுக்கி வைக்கத்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அடுக்களைச் சாமான் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். தேடினால் மாடி அறையில் ஸ்டூலின் மேல் சபை கூடியிருக்கும். பித்தளைச் செம்பு, இரண்டு கத்தரிக்காய், அவளுடைய நல்ல புடவை ஒன்று பின்னால் திரையாக. யாரும் தொடக் கூடாது, கத்தரிக்காய் சுருங்கினாலும் சரி, நாறினாலும் சரி. டியூஷன் படிக்க வரும் பிள்ளைகளுக்கு அவர் சொல்வது மாடிப்படியில் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் இவள் காதிலும் விழும். வெளிச்சம் எங்கேர்ந்து வருது, முதல்ல அதப் பாரு. அப்புறம் நிழல் எங்க விழுதுன்னு பாரு. பொருள அப்புறம் பாக்கலாம், அது எங்கயும் ஓடிடாது. பெற்ற பெண் ஓடிப்போனாள். ஓடிப்போனாள் என்பதுகூடத் தப்பு, அவருடைய அண்ணன் பெரியவர் சொன்ன வார்த்தை அது, தன் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வளர்மதி சொல்லிவிட்டுத்தான் போனாள். எட்வினைக் கூட்டிவந்து இதே கூடத்தில் நிறுத்தி, அப்பா, இவரைத்தான் கட்டிக்கப்போறேன் என்று சொன்னாள். அவர் பதில் சொல்லாமல் மாடிக்குப் போய்விட்டார். ரிஜிஸ்தர் ஆபீசில் மாலை மாற்றியாயிற்று என்று சேதி வந்த அன்றுதான் கொல்லைக் குழாயடியில் போட்ட சட்டையோடு உட்கார்ந்து, வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டார். பல் கிட்டித்துப்போய் உடம்பு நடுங்குகிறது, ஊற்றுவதை நிறுத்தவில்லை. துண்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர் பெரியவர். "தலை முழுகினா மட்டும் போதாதுடா. ஒரு இலையப் போட்டுப் படைச்சு முடிச்சிரு. இல்லாட்டி மனசு அவ பின்னாடியே போய்க்கிட்டு இருக்கும்." "பாத்துக்கலாம்ணே," என்றார் இவர். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒவ்வொரு தீபாவளிக்கும் பெரியவர் வந்து, காபி குடித்து, கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பார், "இலை போட்டியா?" "பாத்துக்கலாம்ணே." அந்தப் பாத்துக்கலாம் எந்தப் பாத்துக்கலாம்? செய்கிறேன் என்கிற பாத்துக்கலாமா, ஆளை விடு என்கிற பாத்துக்கலாமா? இரண்டுக்கும் ஒரே குரல்தான் அவருக்கு. பள்ளிக்கூடத்தில் அவர் வகுப்பில் இன்னொரு வளர்மதி படித்தாளாம். அந்தப் பெண்ணின் அம்மா கோயிலில் பார்த்துச் சொன்னாள், மாஸ்டர் எம் பொண்ணப் பேர் சொல்லியே கூப்பிடறதில்லீங்க, மூணாவது பெஞ்சுன்னுதான் கூப்பிடறாரு. தையல்நாயகி அன்றைக்கு அதை நினைத்து வீட்டுக்கு வந்து அழுதாள். இப்போது நினைத்தால், பேர் சொல்ல முடியாமல் போனது வெறுப்பாலா, சொன்னால் உடைந்துவிடுவோம் என்ற பயத்தாலா? இதையும் எந்தப் பக்கமிருந்து பார்ப்பது என்று தெரியவில்லை.

சரி, வெளிச்சம். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. சோற்றுக் குவியலின் நிழல் வலப்பக்கம் சரிந்திருக்கிறது, நீலமாக. நிழலை நீலமாகப் போட்டிருக்கிறார், அவருக்கு நிழல் என்றாலே நீலம்தான், கறுப்பு டியூபைத் திறந்து அவள் பார்த்ததேயில்லை. இது இந்தக் கூடம்தான். தரையில் சிமெண்டுக் கோடு போகிறது, ஜன்னல் கம்பி நிழல் ஒரு ஓரத்தில் விழுகிறது. அதனால் என்ன தெரிகிறது? வீடு தெரிகிறது. வீடு தெரிந்து என்ன செய்ய. அவள் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து முகத்தைப் படத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். கிட்டே போனால் சோறு காணாமல் போயிற்று. வெள்ளையும் மஞ்சளும் கொஞ்சம் ரோஸும் கலந்த கட்டிச் சாயம், கத்தி முனையால் அப்பி அப்பி வைத்தது. தள்ளி வந்தால் மறுபடி சோறு. கிட்டே போய், தள்ளி வந்து, கிட்டே போய், இப்படியே இரண்டு மூன்று தடவை செய்தவளுக்குத் தலை சுற்றியது. டம்ளரைப் பார்த்தாள். டம்ளர் இடப்பக்கம் இருந்தது. இதை ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை! தண்ணீர் சாப்பிடுகிறவருக்கு இடது கைப் பக்கம்தான் இருக்கும், வலது கைதான் சோற்றில் இருக்கிறதே. டம்ளர் நமக்கு இடப்பக்கம் என்றால் சாப்பிடுகிறவர் இந்தப் பக்கம்தான். இந்தப் பக்கம் உட்கார்ந்தால் இலை நுனி வலப்பக்கம். அப்படியென்றால் அதுதான். அதேதான். பெரியவர் சொன்னதைச் செய்துவிட்டார். தையல்நாயகி எழுந்து போய்ப் பருப்பை இறக்கி வைத்தாள், இறக்கி வைத்தது தெரியாமல் மறுபடி ஒரு தடவை போய் அடுப்பைப் பார்த்தாள், அணைந்துதான் இருந்தது. திரும்ப வந்தாள். இரு. செத்தவர் தண்ணீரை எந்தக் கையால் எடுப்பார்? இலையே மாறி விழும்போது டம்ளரும் மாற வேண்டாமா? மாமியார் திதிக்குத் தண்ணீர் எங்கே வைப்பாள் அவள்? வருஷா வருஷம் வைத்த கைக்கு இப்போது ஞாபகமில்லை. கையைத் தரையில் நீட்டி, இலை இருப்பதாக நினைத்துக்கொண்டு, டம்ளர் வைப்பது மாதிரி வைத்துப் பார்த்தாள். கை இங்கேயும் போயிற்று, அங்கேயும் போயிற்று. அதுவும் போகட்டும், டம்ளரை வைத்தது யார்? அவர். அவருக்குத் தண்ணீர் வைக்கத் தெரியுமா? பிறந்ததிலிருந்து ஒருத்தருக்கு ஒரு வாய்த் தண்ணீர் எடுத்து வைத்த ஆளா அவர்? உட்கார்ந்தால் இலை வரும், இலை வந்தால் தண்ணீர் வரும், தண்ணீர் எந்தப் பக்கம் வந்தது என்றுகூடப் பார்க்காமல் குடித்துவிட்டு எழுந்து போனவர். அப்படிப்பட்டவர் வைத்த டம்ளரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது அவளுக்கே சிரிப்பாக இருந்தது. சிரிப்பு வாய்வரை வந்து நின்றுவிட்டது.

டம்ளரின் வயிற்றில் ஒரு கறுப்புக் கோடு இருந்தது. கறுப்பு இல்லை, கருநீலம். எவர்சில்வரில் ஜன்னல் ஒரு வெள்ளைக் கட்டமாக வளைந்து தெரிகிறது, சிவப்புத் தரை தெரிகிறது, நடுவில் இந்தக் கோடு. ஆள்! டம்ளரில் ஆள் தெரிகிறார். படம் வரைகிறவர்தான் அது, இந்தப் பக்கம் இருக்கிறவர். கோடு நீளமாக இருக்கிறது, அப்படியானால் நிற்கிறார். நிற்கிறவர் பரிமாறுகிறவர். பரிமாறுகிறவர் இந்தப் பக்கம் என்றால் சாப்பிடுகிறவர் அந்தப் பக்கம், அந்தப் பக்கத்துக்கு நுனி இடம், எல்லாம் சரி. தையல்நாயகி ஓடிப்போய் அடுக்களையிலிருந்து அதே மாதிரி டம்ளர் ஒன்றை எடுத்து வந்தாள், தரையில் வைத்தாள், எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குனிந்து பார்த்தாள். டம்ளருக்குள் ஒரு நெட்டைப் பெண் இருந்தாள். தென்னைமரம் மாதிரி நீண்டுபோய், தலை எங்கோ விளிம்பில். எழுந்து நின்று பார்த்தாள். இன்னும் நெட்டை. உட்கார்ந்தாலும் நெட்டை, நின்றாலும் நெட்டை. டம்ளருக்கு எல்லாரும் நிற்கிறவர்கள்தான் போலிருக்கிறது. அறுபது வயசில் நடுக்கூடத்தில் டம்ளரைப் பார்த்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறோமே, ஜன்னல் வழியாக யாராவது பார்த்தால் மாஸ்டர் போனதில் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். பேதலித்தால்தான் என்ன. அவள் படத்தின்மேல் விரலை வைத்தாள். அவர் இருந்தவரை படத்தைத் தொட விட்டதில்லை. சாயம் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டது. இலையின் நடுநரம்பு ஒரே இழுப்பில் போட்டது, வெளிர் பச்சை, அதை ஒட்டிக் குளிர்ந்த நீலப் பச்சை, ஓரத்தில் பழுப்பு. இடப்பக்கம், இலையின் அகலமான அடிப்பாகம் முடிந்து சிவப்புத் தரை தொடங்குகிற இடத்தில், விரல் ஒரு மேட்டில் இடறியது. சிவப்புக்கு அடியில் ஏதோ இருந்தது. பக்கவாட்டில் தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள். கூர்மையாக ஒரு வடிவம், மேலே சிவப்புப் பூசி மறைத்தது. நுனி. முதலில் நுனியை இந்தப் பக்கம்தான் போட்டிருக்கிறார்! இடப்பக்கம் போட்டு, அழித்து, வலப்பக்கம் மாற்றியிருக்கிறார். தையல்நாயகிக்கு இருந்த கொஞ்சம் தெளிவும் போயிற்று. முதலில் உயிரோடு இருக்கிறவளுக்கு என்று போட்டுவிட்டு, அண்ணன் பேச்சு ஞாபகம் வந்து, செத்தவளாக மாற்றினாரா? இல்லை, தன் பக்கம் வைத்து வழக்கம்போல வரைந்துவிட்டு, அட, சாப்பிடப்போகிறவள் எதிர்ப்பக்கம் அல்லவா உட்காருவாள் என்று அவளுக்காகத் திருப்பினாரா? ஒரே மேடு. விரலுக்கு அடியில் ஒரே மேடு. அதைத் தடவித் தடவிப் பார்த்தாலும் அது எதற்காக மாற்றினேன் என்று சொல்லவில்லை.

எப்போது வரைந்தார் இதை? அதுவே இப்போதுதான் உறைத்தது. அவள் வீட்டில் இருக்கும்போது கூடத்து நடுவில் இலை போட்டு ஒரு படம் வரைந்திருக்க முடியாது. மாயவரத்தில் தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு அவள் போயிருந்தாளே, அப்போதுதான். அவர் வரவில்லை, கால் வலி என்றார். திரும்பி வந்தபோது கூடம் பூராவும் எறும்பு, கட்டெறும்பு, சாரை சாரையாக. "என்னங்க இது?" "பூனை எதையோ கொண்டாந்து போட்டுச்சு." அவள் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாள். அவர் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். பூனை இல்லை. அவரேதான். தானே சமைத்திருக்கிறார், தனியாக. சோறு வடிக்கத் தெரியும் அவருக்கு, ரசம் ஒப்பேற்றுவார், அப்பளம் சுடுவார். அந்த மனுஷன் சந்தையில் இலை வாங்கி, தரையைத் துடைத்து, தண்ணீர் தெளித்து, எல்லாவற்றையும் வைத்துவிட்டு, அப்புறம் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். சோறு காய்ந்துபோனது படத்தில் தெரிகிறது. பருக்கைகளின் முனை மஞ்சளாக விறைத்து நிற்கிறது. இலை ஓரம் சுருண்டிருக்கிறது. இரண்டு நாளாவது அப்படியே கிடந்திருக்கும். படைத்த இலை என்றால் கும்பிட்டுவிட்டு எடுத்து வேறு வேலை பார்க்கலாம். இரண்டு நாள் காய விடுவானேன்? யாராவது வருவார்கள் என்று காத்திருந்தாரா? என்ன காத்திருப்பு, படம் முடியவில்லை, அவ்வளவுதான், கத்தரிக்காயே நாறினால்தான் எடுப்பார். நடுநரம்பை ஒட்டி ஒரு கறி வைத்திருக்கிறார், பழுப்பு உருண்டைகள், எண்ணெய் மினுக்கத்தோடு. சேப்பங்கிழங்கு வறுவல். வளர்மதிக்குச் சேப்பங்கிழங்கு என்றால் உயிர், சட்டியை வழித்துத் தின்பாள். அடேயப்பா, அப்படியானால் அவளுக்குத்தான், என்று எழுந்த மனசு பாதியில் உட்கார்ந்துகொண்டது. மாமியாருக்கும் சேப்பங்கிழங்குதான் பிடிக்கும். திதிக்கு அதுதான் முதலில் வைப்பது. பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே நாக்கு என்று இவரே சொல்லிச் சிரிப்பார். எல்லாமே இரண்டாக இருக்கிறது இந்தப் படத்தில். எதைத் தொட்டாலும் ஆம் என்கிறது, உடனே இல்லை என்கிறது. தையல்நாயகிக்குக் கோபம் வந்தது. ஏங்க, ஒரு வார்த்தை எழுதி வைத்திருக்கக் கூடாதா ஓரத்தில்? கையெழுத்துப் போட இடம் இருந்தது, அதில் ஒரு வார்த்தைக்கு இடமில்லையா? பெற்றவளைக் கேட்டீர்களா? பன்னிரண்டு வருஷம் உங்களுக்கும் பெரியவருக்கும் பயந்து, கோயில் வாசலில் கடைக்காரன் போனை இரவல் வாங்கி அவளோடு பேசினேனே, குழந்தை பிறந்ததை அப்படித்தானே கேட்டேன், அது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? தெரிந்திருந்தது என்றே இப்போது தோன்றியது. தெரிந்தும் கேட்காமல் இருந்திருக்கிறார். அது நல்லதா கெட்டதா?

போன் அடித்தது. கையில் டம்ளரோடு ஓடினாள். "அம்மா, கும்மோணம் வந்துட்டேன். ஆட்டோல ஏறிட்டேன்." "வா, வா. எட்வினு, புள்ள?" "இல்லம்மா. இன்னிக்கு நான் மட்டும். முதல்ல நான் வந்துட்டுப் போறேன்." முதலில் நான் வந்துவிட்டுப் போகிறேன் என்றால் என்ன அர்த்தம்? வரலாமா என்று பார்க்க வருகிறாள். தன் புருஷனையும் பிள்ளையையும் இந்த வாசற்படி ஏற்றலாமா என்று பார்த்துவிட்டுப் போக வருகிறாள். வந்ததும் கூடத்தில் இது நிற்கும், அப்பா உன்னைப் பற்றிச் சொன்னது இதுதான் என்று. வளர்மதிக்கு இலை தெரியும். பாட்டி திதிக்கு எத்தனை வருஷம் கூடமாட நின்று இலை அலம்பிக் கொடுத்திருக்கிறாள், நுனி எங்கே என்றுதான் அவள் கண் முதலில் போகும். பார்த்தால், செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் திரும்பிப் போய்விடுவாள். இந்தத் தடவை போனால் வரமாட்டாள். அப்புறம் தையல்நாயகிக்கு என்ன இருக்கிறது? இந்தக் கூடமும் ஒரு ஜன்னலும்தான். பயம் வெட்கமில்லாமல் வந்தது. அவள் படத்தைத் தூக்கினாள், கனத்தது, மாடிக்குக் கொண்டுபோக இடுப்பு விடவில்லை, தெருவில் ஆட்டோச் சத்தம் கேட்டது போலிருந்தது. ஜன்னலுக்குக் கீழே சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாய்த்தாள். பின்பக்கம் வெறும் பழுப்புத் துணியும் ஆணியும். அதுவே தெரியாமல் இருக்கட்டும் என்று, பலகையை எடுத்துவந்து ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருகிற மாதிரிப் போட்டாள். அடுக்களையைப் பார்த்தே சாப்பிடட்டும். இலையை எடுத்தாள், அலம்பினாள், பலகைக்கு எதிரில் நின்றாள். நுனி, நுனி, இடப்பக்கம், யாருக்கு இடப்பக்கம், எனக்கா, அவளுக்கா, நான் இங்கே நிற்கிறேன், அவள் அங்கே, படத்தில் வலம், வலம்தான் இடம், இல்லை, படம் வேறு, இது வேறு, இடப்பக்கம் என்றால் இடப்பக்கம்தான், முப்பது வருஷத்துக்கு மேல் யோசிக்காமல் செய்ததை யோசித்துச் செய்வதுதான் இப்போது வந்த வினை. வாசல் கேட் கிறீச்சிட்டது. போட்டாள். தண்ணீர் தெளித்தாள். டம்ளரை வைத்தாள்.

வளர்மதி குண்டாகியிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. இந்த நரை எனக்குத் தெரியாமல் வந்த நரை என்று தையல்நாயகி நினைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் வாசலிலேயே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வளர்மதி அப்பா போட்டோவின் முன்னால் போய் நின்றாள். கும்பிடவில்லை, பார்த்தாள். "முடி கொட்டிப்போச்சா அப்பாக்கு?" "ம். மருந்தால." "கை கால் கழுவிட்டு வரேம்மா. பசிக்குது." பசிக்கிறது என்று சொன்னதில் தையல்நாயகிக்கு உயிர் வந்தது. அவள் கழுவிவிட்டு வருவதற்குள் சோறு வைத்தாள், பருப்பு வைத்தாள், நெய் விட்டாள், வறுவலை மேல்பக்கம் நிறைய வைத்தாள். வளர்மதி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காரவில்லை. இலையையே பார்த்தாள்.

"அம்மா."

"என்னம்மா?"

"இலையத் திருப்பிப் போட்டிருக்க."

தையல்நாயகி பார்த்தாள். பலகையில் உட்காருகிறவளுக்கு நுனி வலப்பக்கம் இருந்தது. சோறும் பருப்பும் நெய்யும் வைத்து, செத்தவர்களுக்குப் போடுகிற இலையைத் தன் கையாலேயே போட்டு, வா என்று கூப்பிட்டிருக்கிறாள். பெரியவர் கேட்டுக்கேட்டு அவர் செய்யாததை, அவர் செய்தாரோ செய்யவில்லையோ, தான் செய்துவிட்டாள். "ஐயோ, நான் வேணும்னு இல்லடி, எனக்குத் தெரியல, காலைலேர்ந்து எனக்கு எது எந்தப் பக்கம்னே..." குனிந்து சோற்றோடு இலையை இழுக்கப்போனாள். சோறு சரிந்தது. வளர்மதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடும்மா. சாப்பாட்ட ஏன் கொட்டற?" காலால் பலகையை நகர்த்தினாள், இலையைச் சுற்றி வந்தாள், எதிர்ப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள். "இப்பச் சரியாப்போச்சு. நுனி எனக்கு இடது கைப் பக்கம்தான இருக்கு?" சோற்றில் கை வைத்தாள். ஒரு வாய் எடுத்தாள். நிமிர்ந்தாள். இப்போது அவள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அது என்னம்மா, சுவரப் பார்த்து நிக்குது?"

தையல்நாயகி பொய் சொல்ல வாயெடுத்தாள், ஒரு பொய்யும் வரவில்லை. "அப்பா வரைஞ்சது," என்றாள். போய்ப் படத்தைத் திருப்பி வைத்தாள். திருப்பியவள் படத்துக்குப் பக்கத்திலேயே, ஜன்னலுக்குக் கீழே, எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிட்டாள். அங்கிருந்து பார்க்கும்போது இலை நுனி அவளுக்கு வலப்பக்கம் இருந்தது, படத்தில் இருக்கிற மாதிரியே. இலைக்குப் பின்னால் பெண் உட்கார்ந்திருந்தாள். அவர் இங்கே நின்றாரா, அங்கே உட்கார்ந்தாரா, எதற்கு நுனியை மாற்றினார், எதுவும் அவளுக்கு இன்னும் தெரியவில்லை, இனிமேல் தெரியப்போவதும் இல்லை. வளர்மதி வெகுநேரம் படத்தைப் பார்த்தாள். கண் நுனிக்குப் போனது தையல்நாயகிக்குத் தெரிந்தது. அங்கேயே நின்றதும் தெரிந்தது. வாயில் இருந்த சோற்றை மெல்லுவதை அவள் நிறுத்திவிட்டாள்.

"எனக்கா போட்டாரும்மா?"

"உனக்குத்தான்," என்றாள் தையல்நாயகி. சொன்ன பிறகுதான் தான் யோசிக்காமல் சொல்லிவிட்டது தெரிந்தது. திரும்பிப் படத்தைப் பார்க்கவில்லை. வளர்மதி தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது, அப்படியே சோற்றைப் பிசைந்தாள், பிசைந்துகொண்டே இருந்தாள், கடைசியில் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். தையல்நாயகி கிட்டே வந்து உட்கார்ந்து, அவள் வேண்டாம் என்று கையை மறைப்பதற்குள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.